24 மணி நேர ட்யூட்டி: வீட்டுப் பராமரிப்பாளர்களும் நம் பொறுப்பும்

பெரும்பாலான குடும்பங்கள் வயதான பெற்றோருக்குப் பராமரிப்பாளரைத் தேடத் தொடங்குவது மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் என்று சொல்லும் அன்றுதான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்திருக்கும். அல்லது பக்கவாதத்தில் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயர், வேளை, மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் இருக்கும். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போகப்போவது யார் என்பது மட்டும் இருக்காது. வார்டு சிஸ்டர் ஒரு செல்பேசி எண்ணைத் தருவார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள், "எங்க ஆயாம்மாவைக் கேட்டுப் பாருங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்பார். மாலைக்குள் ஓர் ஏஜென்சியோடு பேச்சு முடிந்து, மறுநாள் காலையில் துணிப்பையோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்பார். ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடிய ஏற்பாடு ஒரே மாலையில் முடிவாகிவிடுகிறது. கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிக்கக்கூட நாம் இதைவிட அதிகம் விசாரிக்கிறோம்.

பிறகு புலம்பல் தொடங்குகிறது. நல்ல ஆள் கிடைப்பதில்லை, வந்தவர் நிலைப்பதில்லை, எப்போதும் போனிலேயே இருக்கிறார், தூங்கிவிடுகிறார். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வந்தவருக்கு நாம் கொடுத்தது என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தப் பயிற்சியை நம்பி, எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. பெற்றோருக்குக் கிடைக்கும் பராமரிப்பின் தரம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் தேவை ஏதோ சில வசதியான வீடுகளின் தேவை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணித்தபடி 2021இல் அது 13.6 ஆகவும் 2031இல் 18.2 ஆகவும் உயர்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மறுபக்கம், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், அதில் ஒருவர் பெங்களூரில், இன்னொருவர் துபாயிலோ டெக்ஸாஸிலோ இருக்கிறார். முன்பு ஐந்தாறு பேர் பங்குபோட்டுக்கொண்ட பொறுப்பு இப்போது ஒருவர் மீது விழுகிறது, அல்லது யார் மீதும் விழுவதில்லை.

மகன் பார்த்துக்கொண்டார் என்று ஊர் பாராட்டிய வீடுகளில் உண்மையில் பார்த்துக்கொண்டவர் மருமகள். சில வீடுகளில் மணமாகாமல் தங்கிவிட்ட மகள். 2019இல் நாடெங்கும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதாகச் சொல்கிறது. அந்த மருமகள் இப்போது வேலைக்குப் போகிறார். போக வேண்டியதுதான். அவர் இடத்துக்கு வரும் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்பதில் நமக்கு இவ்வளவு தடுமாற்றம் ஏற்படக் காரணம், அந்த வேலைக்கு இதுவரை நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை என்பதுதான்.

வருகிறவர்கள் யார்? கணவனை இழந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள், மகளின் கல்யாணக் கடனையோ சுய உதவிக்குழுக் கடனையோ அடைக்க வந்தவர்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, டெல்டா பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கு வருகிறார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். ஏஜென்சி அவர்களை "ஹோம் நர்ஸ்" என்று சொல்லி அனுப்புகிறது. குடும்பமும் அந்தப் பெயரை நம்பிவிடுகிறது. நர்ஸ் என்பவர் பட்டயமோ பட்டமோ படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர். ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபைப் பொருத்துவது எல்லாம் அவர் வேலை. அட்டெண்டர் என்பவர் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, டயப்பர் மாற்றுவது, நடக்கத் துணை நிற்பது ஆகியவற்றுக்கு உரியவர். இவர்களுக்கென்று தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் பயிற்சிகள் இருக்கின்றன, சான்றிதழும் தருகிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாதவர்களையும் ஏஜென்சிகள் அனுப்புகின்றன. நேற்றுவரை வயல் வேலைக்குப் போன பெண் இன்று பக்கவாத நோயாளியின் கட்டிலருகில் நிற்கிறார். அவர் மீது குற்றமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. இது பாசத்தை மட்டும் வைத்துச் செய்துவிடக்கூடிய வேலையில்லை. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து, சில நாட்களிலேயே படுக்கைப் புண் ஆகிவிடும். அந்தப் புண் எலும்புவரை போகக்கூடியது. காற்று மெத்தை வாங்கிப் போட்டுவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைக்கும் வீடுகள் பல உண்டு. மெத்தை உதவும், புரட்டுவதற்கு அது ஈடாகாது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். படுத்த நிலையில் கஞ்சி புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு கரண்டியாக, விழுங்கிவிட்டார் என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்தபின் அரைமணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும்.

தண்ணீர் விஷயம் இன்னும் நுட்பமானது. அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று முதியவரே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். தூக்கிப்போகும் சிரமத்தால் பராமரிப்பவரும் கண்டுகொள்ள மாட்டார். சிறுநீர்த் தொற்று வரும். முதியவர்களுக்கு அது காய்ச்சலாகத் தெரியாமல் திடீர்க் குழப்பமாக, பிதற்றலாக வெளிப்படுவதுண்டு. "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று வீடு பதறும்; வேண்டியதோ சிறுநீர்ப் பரிசோதனை. அதேபோல, இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் என்பதைப் பராமரிப்பவர் அறிந்திருந்தால் ஓர் உயிர் தப்பும்.

மறதிநோய் உள்ள வீடுகளில் நிலைமை வேறு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. சாயங்காலம் ஆனதும் அமைதி இழப்பது, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று தன் வீட்டிலிருந்தே கிளம்புவது, நகையைத் தானே எங்கோ ஒளித்து வைத்துவிட்டு வேலைக்காரி திருடிவிட்டாள் என்று கத்துவது எல்லாம் நோயின் இயல்பு. இவருக்குத் தேவை தெரிந்த முகம், தெரிந்த குரல், தன் மொழி. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஏஜென்சி மாதத்துக்கொருவரை மாற்றி அனுப்புகிறது. தமிழ் அறியாத பெண்ணும் தமிழை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் முதியவரும் ஓர் அறையில் விடப்படுகிறார்கள். இருவருக்கும் அது கொடுமை.

இனி இந்தக் கட்டுரையின் மையமான கேள்விக்கு வருகிறேன். நகரத்து ஏஜென்சிகள் இரண்டு விதமாக ஆள் தருகின்றன: பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அல்லது 24 மணி நேர ட்யூட்டி. இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு பேர் என்றால் செலவு கூடும். ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவதையே கேட்கின்றன. அதாவது ஒருவர் வீட்டோடு தங்கி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, இரவில் நாலைந்து முறை எழுந்து, பகலிலும் முழு வேலை செய்வது. மாதத்துக்கு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 720 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 33 ரூபாய். தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுப் பணிக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 37 ரூபாய். அந்த 33லும் ஏஜென்சியின் பங்கு எவ்வளவு, அவர் கைக்குப் போவது எவ்வளவு என்று பெரும்பாலும் குடும்பம் கேட்பதே இல்லை.

கூலியைவிடப் பெரிய சிக்கல் தூக்கம். பெற்ற பிள்ளைகளே நான்கு இரவு தொடர்ந்து விழித்தால் ஐந்தாம் நாள் எரிந்து விழுகிறார்கள். தூக்கமில்லாதவர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், பிடியைத் தளரவிடுவார், பொறுமை இழந்து கையை உதறுவார். "தூங்கிவிடுகிறார்" என்று நாம் புகார் சொல்லும் பெண், தூங்கியாக வேண்டிய ஒரு மனித உடல். வார விடுமுறை கேட்டால் "அப்போ அம்மாவை யார் பார்ப்பா?" என்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டியது குடும்பம்தான். அதைப் பணியாளரின் தலையில் வைப்பது நியாயமில்லை. பராமரிப்பாளர் நிலைப்பதில்லை என்ற புலம்பலுக்கு முதற்காரணம் இந்த 24 மணி நேர ஏற்பாடு என்று நான் தயங்காமல் சொல்வேன். இரவில் அடிக்கடி எழ வேண்டிய நோயாளிக்கு இரண்டு பேர் தேவை. அது கட்டுப்படியாகாவிட்டால், இரவில் சில நாட்களைக் குடும்பத்தினர் முறைவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை நேரில் வர முடியாது. இரண்டாவது ஆளின் சம்பளத்தை ஏற்கலாம்.

சாதியைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. ஆள் கேட்டு ஏஜென்சிக்குப் போன் செய்யும்போதே "நம்ம ஆளுங்களா இருந்தா நல்லது" என்று சொல்பவர்கள் உண்டு. "சைவம் சாப்பிடறவங்களா பாருங்க" என்று சுற்றிவளைத்துக் கேட்பவர்களும் உண்டு. தன் தாயின் மலத்தைக் கழுவும் பெண்ணுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. அடுக்களைக்குள் நுழையத் தடை. முதியவர் அந்தக் காலத்து மனிதர், மாற்ற முடியாது என்று பிள்ளைகள் சாக்குச் சொல்கிறார்கள். முதியவரின் மனதை மாற்ற முடியாமல் போகலாம். வீட்டின் டம்ளரை மாற்ற முடியும்.

ஆண் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆண் பராமரிப்பாளர் கிடைப்பது அரிது. எண்பது வயது அப்பாவைக் குளிப்பாட்டப் பெண் வரும்போது கூச்சம் இரு பக்கமும் இருக்கிறது. சில நேரம் கூச்சத்தோடு நிற்பதில்லை. பராமரிப்பாளர்களுக்குப் பாலியல் தொல்லை நேர்வதும் உண்டு. நோயின் காரணமாகத் தன்னை மறந்து நடப்பவரும் இருக்கிறார், தெரிந்தே செய்பவரும் இருக்கிறார், வீட்டின் வேறு ஆண்களும் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் வீட்டுப் பணியாளர் முறையிடலாம். இதை அறிந்த பணியாளரையோ குடும்பத்தையோ காண்பது அபூர்வம்.

மறுபக்கத்து அச்சமும் நியாயமானதே. தனித்திருக்கும் முதியவரை அடித்ததாக, நகையோடு மறைந்ததாகச் செய்திகள் வரத்தான் செய்கின்றன. அதற்காகச் செய்ய வேண்டியவை எளியவை. ஆதார் நகலை வாங்கி வைப்பதோடு நிற்காமல், தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் வீட்டுப் பணியாளருக்கான பிரிவைப் பயன்படுத்தலாம். முன்பு அவர் வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்காவது நாமே பேச வேண்டும். வங்கி அட்டை, ரகசிய எண், பீரோ சாவி ஆகியவற்றைப் பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கக் கூடாது; அது அவருக்கும் பாதுகாப்பு. கேமரா வைப்பவர்கள் அதை அவரிடம் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். கட்டிலை நோக்கிய கேமராவில் உடை மாற்றுவதும் டயப்பர் மாற்றுவதும் பதிவாகிறது. அந்தப் படம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதற்கு அம்மா சம்மதித்தாரா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, சொல்லாமல் கொள்ளாமல் உறவினரோ அண்டைவீட்டாரோ அவ்வப்போது வந்து அம்மாவோடு தனியாகப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவது.

அந்த அம்மாவிடமே எதையும் கேட்காமல் இதெல்லாம் நடக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நினைவு தெளிவாக உள்ள முதியவர் தன் உடலைத் தொடப்போகிறவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை உள்ளவர். "எனக்கு யாரும் வேண்டாம்" என்று அவர் பிடிவாதம் பிடிக்கும்போது, பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது பிள்ளைகள் தன்னைக் கைகழுவுகிறார்கள் என்ற பயம். முதலில் சில வாரம் பகலில் சில மணி நேரம் மட்டும் ஆள் வைத்து, மகளோ மகனோ கூடவே இருந்து பழக்கினால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அரசு எங்கே நிற்கிறது? அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அவருக்குப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியின் படுக்கையறைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு அப்படியொரு மத்தியச் சட்டம் கிடையாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அது பிள்ளைகளின் கடமையைப் பேசியது, கூலிக்கு வரும் பராமரிப்பாளரைப் பேசவில்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தவும், பயிற்சியும் சான்றும் பெற்றவர்களையே அனுப்ப வேண்டும் என்று விதிக்கவும் வழி செய்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆராய்ந்து அறிக்கையும் கொடுத்தது. நிறைவேறாமலே கிடந்து, 2024இல் மக்களவையின் ஆயுள் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கெனச் சட்டம் இயற்றுவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசின் அமைச்சகங்களுக்கு உத்தரவிட்டது.

வேறிடங்களில் வழிகள் பிறந்திருக்கின்றன. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீட்டைத் தொடங்கின; ஜப்பானில் 40 வயதிலிருந்தே எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். தமிழ்ப் பெண்களும் வீட்டுப் பணியாளர்களாகச் செல்லும் சிங்கப்பூரில், 2023 ஜனவரியிலிருந்து அவர்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு. அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிட முடியாது. மாதத்துக்கு ஒரு நாள் மிகக் குறைவுதான், ஆனாலும் நம் வீடுகளில் அதுகூட எழுத்தில் இல்லை. கேரளம் 2008லேயே வலிதணிப்புப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்து, ஊராட்சிகள் வழியே செவிலியரை வீடுகளுக்கு அனுப்புகிறது. அங்கே குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பு தன் பெண்களுக்குப் பயிற்சி அளித்துப் பராமரிப்புப் பணிக்கு அனுப்பவும் தொடங்கியிருக்கிறது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சேவையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. மகளிர் சுய உதவிக்குழுக்களின் வலைப்பின்னல் ஊர்தோறும் இருக்கிறது. இவற்றை இணைத்து, அரசு மருத்துவமனைகளிலேயே சில மாதப் பயிற்சி கொடுத்து, குழுப் பெண்களைச் சான்றளித்த பராமரிப்பாளர்களாக அமர்த்தினால், தரகர் எடுக்கும் பங்கு அவர்கள் கைக்கே போகும். ஏழைக் குடும்பத்து முதியவருக்கும் அரசு மானியத்தோடு ஒரு துணை கிடைக்கும். இது முக்கியம், ஏனென்றால் இதுவரை நான் பேசியதெல்லாம் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கொடுக்க முடிந்த வீடுகளைப் பற்றி. முடியாத வீடுகளே அதிகம். அந்தப் பராமரிப்பாளரின் சொந்த அம்மா ஊரில் யார் துணையுமின்றி இருக்கிறார் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்: வேலை எதுவரை, வீட்டுச் சமையலும் பாத்திரமும் அதில் அடங்காது, தொடர்ந்து எத்தனை மணி நேரத் தூக்கம், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, சம்பளத்தில் அவருக்கு நேரடியாகப் போவது எவ்வளவு. மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் பராமரிப்பாளரை வரவழைத்து, புரட்டுவதையும் உணவூட்டுவதையும் செவிலியரிடம் இரண்டு நாள் பழகச் செய்யலாம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எங்காவது ஒரு முதியவர் துன்புறுத்தப்படுவது தெரிந்தால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது: பராமரிப்பு ஏஜென்சிகளுக்கு உரிமம், பணியாளருக்குப் பயிற்சிச் சான்று, வேலை நேரத்துக்கு உச்சவரம்பு ஆகிய மூன்றையும் கொண்ட ஒரு மாநிலச் சட்டம். அதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 2008இல்தான் வந்தது. வீட்டுப் பணியாளர் நல வாரியத்தைத் தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே அமைத்துவிட்டது.